சிரிக்கக் கூடாத இடத்தில்

1961ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் உள்ள யேல் பல்கலைக்கழகத்துக்கு ஒருவர் பின் ஒருவராக நாற்பது ஆண்கள் வந்துபோனார்கள். அஞ்சலக எழுத்தர், பள்ளி ஆசிரியர், விற்பனையாளர், பொறியாளர், கூலித்தொழிலாளி என எல்லா வகையினரும் இருந்தார்கள். வயது இருபதிலிருந்து ஐம்பதுக்குள். தலைக்கு 4.50 டாலர் கூலி. நினைவாற்றலையும் கற்றலையும் பற்றிய ஆய்வு என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது.

பக்கத்து அறையில் ஒருவரை நாற்காலியில் வாரால் கட்டியிருந்தார்கள். அவர் தவறான விடை சொல்லும்போதெல்லாம் இவர்கள் ஒரு விசையை அழுத்தி மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும். மொத்தம் 30 விசைகள். முதல் விசை 15 வோல்ட். ஒவ்வொன்றிலும் 15 வோல்ட் கூடி, கடைசி விசையில் 450. அது 300 வோல்ட்டை எட்டியதும் அடுத்த அறைக்காரர் சுவரை இடிக்கும் சத்தம் கேட்கும். சற்று நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றுவிடும். உண்மையில் அங்கே மின்சாரமே பாயவில்லை. கட்டப்பட்டிருந்தவர் முன்பே பயிற்சி கொடுக்கப்பட்ட 47 வயதுக் கணக்கர். விசையை அழுத்தியவர்களுக்கு மட்டும் அது தெரியாது.

ஸ்டான்லி மில்கிராம் நடத்திய இந்தச் சோதனையில் நாற்பதில் 26 பேர் கடைசி விசைவரை போனார்கள். உளவியல் பாடநூல்கள் எல்லாம் இந்த எண்ணைச் சொல்லிவிட்டு, கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசப் போய்விடும். ஆனால் 1963இல் மில்கிராம் வெளியிட்ட கட்டுரையில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. நாற்பதில் 14 பேர் விசையை அழுத்திக்கொண்டே சிரித்தார்கள். அவர்களில் மூவருக்கு அடக்கவே முடியாத அளவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கலைக்களஞ்சியம் விற்பவர் ஒருவருக்கு, வயது 46, உடம்பு குலுங்கி வலிப்புபோல ஆகி, சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, நாக்கு குழறியது, உதட்டைக் கடித்தார்கள், நகம் உள்ளங்கையில் பதிந்தது. இத்தனைக்கும் நடுவே சிரிப்பு.

சோதனை முடிந்ததும் அந்த ஆண்கள் வலியப் போய் விளக்கம் சொன்னார்கள். தாங்கள் பிறர் துன்பத்தில் மகிழும் ஆட்கள் அல்ல, அந்தச் சிரிப்புக்கு அப்படிப் பொருள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று. யாரும் அவர்களைக் குற்றம் சாட்டவில்லை. ஆனாலும் விளக்கம் தேவை என்று அவர்களுக்கே பட்டிருக்கிறது. பதற்றத்தில் வரும் சிரிப்பின் இலக்கணம் பாதி அதிலேயே இருக்கிறது. சிரித்தவருக்கு அது ஏன் வந்தது என்று தெரியாது; பார்த்தவர் என்ன நினைப்பார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இந்தச் சிரிப்பு எல்லோருக்கும் பழக்கமானதுதான். வாய்மொழித் தேர்வில் விடை தெரியாமல் நிற்கும் மாணவிக்கு வரும். மேலதிகாரி கோபமாகக் கத்தும்போது வரும். சாவு வீட்டில், சரியாக எல்லோரும் அமைதியாகிற அந்தக் கணத்தில், பக்கத்தில் இருக்கும் தம்பியின் முகத்தைப் பார்த்ததும் வரும். தமிழில் இதில் ஒரு பகுதியை அசட்டுச் சிரிப்பு என்று சொல்கிறோம். பிடிபட்டவன் சிரிக்கும் சிரிப்பு அது. பயத்தில் வருவதற்கும் துக்கத்தில் வருவதற்கும் தனிப்பெயர் வைக்காமல் பொதுவாகத் திட்டிவிட்டுப் போகிறோம்: “என்னடா பல்ல இளிக்கிற?”

மெய்ப்பாடுகளைப் பிரித்து வைத்த தொல்காப்பியர் சிரிப்புக்கு நான்கு காரணங்கள் சொன்னார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அச்சத்துக்கு வேறு நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. சிரிப்பு ஒரு பட்டியலிலும் பயம் இன்னொரு பட்டியலிலும் இருக்கின்றன. அரசன் முன் நடுங்கி நிற்கும்போது களுக்கென்று வந்துவிடும் சிரிப்பை எதில் சேர்ப்பது? அவருக்குப் பிறகு உலகெங்கும் சிரிப்பைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் நகைச்சுவையைத்தான் ஆராய்ந்தார்கள். எது நம்மைச் சிரிக்க வைக்கிறது என்ற கேள்வியிலேயே, சிரிப்புக்கு வேடிக்கையான ஒன்று முன்னால் இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க நரம்பியலாளர். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் பணியாற்றிய அவர், மனிதர்கள் சிரிப்பதை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஆராய்வது வீண் வேலை என்று கண்டார். ஆட்களை உட்காரவைத்து நகைச்சுவைப் படம் காட்டினால் சிரிப்பே வரவில்லை. எனவே மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்காடிகளுக்கும் நடைபாதைகளுக்கும் போனார். பறவை நோக்குபவர்கள் பறவையைக் குறித்துவைப்பதைப்போல, யார் சிரித்தார், அதற்கு நேர்முன்னால் சொல்லப்பட்டது என்ன என்று எழுதிவைத்தார்கள். சுமார் 1,200 சிரிப்புகள் சேர்ந்தன. அவற்றில் ஐந்தில் ஒரு பங்குகூட நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பிறகு வந்தவை அல்ல. “சரி, அப்புறம் பார்க்கலாம்”, “உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி” போன்ற சப்பையான பேச்சுகளுக்குப் பிறகு வந்தவைதான் மிகுதி. கேட்பவரைவிடப் பேசுபவரே 46 விழுக்காடு கூடுதலாகச் சிரித்தார். தனியாக இருக்கும்போது இருப்பதைவிட, கூட ஒருவர் இருக்கும்போது சிரிப்பு முப்பது மடங்கு அதிகம் என்றும் அவர் கணக்கிட்டார்.

இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால் பதற்றச் சிரிப்பு ஒரு விதிவிலக்காகத் தோன்றுவது நின்றுவிடும். சிரிப்பில் பெரும்பகுதி வேடிக்கைக்கு வருவதே இல்லை. இன்னொரு மனிதருக்காக வருவது. மில்கிராமின் அறையில் வேடிக்கை எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் சாம்பல் நிற மேலங்கி போட்டுக்கொண்டு, “தொடருங்கள்” என்று சொல்லும் ஓர் அதிகாரி இருந்தார்.

கோயில் வளாகத்தில் குரங்குக்குத் தேங்காய்ச் சில்லு நீட்டியவர்களுக்கு ஒரு காட்சி தெரிந்திருக்கும். பெரிய ஆண் குரங்கு நெருங்கி வரும்போது சிறியது உதட்டை இருபுறமும் இழுத்து, பற்கள் எல்லாம் தெரியக் காட்டும். சுற்றி நிற்பவர்கள் “பாரு, சிரிக்குது” என்பார்கள். அது சிரிக்கவில்லை. ‘நான் உனக்குக் கீழானவன், என்னை அடிக்காதே’ என்று சொல்கிறது. மக்காக் இனக் குரங்குகள் பலவற்றில் இது அடங்கிப்போவதன் அடையாளம். நம் ஊர் நாட்டுக் குரங்கும் வட இந்தியச் செம்முகக் குரங்கும் இதில் அடக்கம். இதற்கு முற்றிலும் வேறான இன்னொரு முகமும் குரங்குகளுக்கு உண்டு. விளையாட்டாகக் கடித்துப் புரளும்போது வாயைத் தளர்வாகத் திறந்து வைத்துக்கொள்ளும். சிம்பன்சிகளில் அதோடு மூச்சிரைப்பது போன்ற ஒலியும் சேரும். நெதர்லாந்து விலங்கியலாளர் யான் வான் ஹூஃப் 1972இல் இந்த இரண்டையும் மனித முகத்தோடு பொருத்தினார். நம் புன்னகை அந்த அடங்கல் இளிப்பிலிருந்து வந்தது, நம் வாய்விட்ட சிரிப்பு அந்த விளையாட்டு முகத்திலிருந்து வந்தது என்பது அவர் கருத்து. மனிதனிடத்தில் இரண்டும் நெருங்கி வந்து, ஒன்று மற்றொன்றாக மாறும் அளவுக்குக் கலந்துவிட்டன.

இது உறுதிப்பட்ட வரலாறு அல்ல. முகபாவங்கள் புதைபடிவமாவதில்லை. ஆனால் பதற்றச் சிரிப்பை உற்றுப் பார்ப்பவரை இந்தக் கருத்து விலகிப்போக விடாது. பல் தெரிகிறது, கண் சுருங்குவதில்லை. ஒலி விளையாட்டினுடையது, முகம் அடங்கலினுடையது. திட்டு வாங்கும் மாணவனின் பல்லிளிப்பை ஆசிரியர் ‘திமிர்’ என்று படிக்கிறார். குரங்குக் கூட்டத்தின் தலைவனாக இருந்திருந்தால் சரியாகப் படித்திருப்பார்.

முகத்தின் இந்த இரட்டை வேடத்துக்குக் காரணம் மூளையில் இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இல், முகத் தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்து எழுதிய நூலில், மகிழ்ச்சிச் சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசை சேர்ந்துகொள்ளும், அது மனத்தின் கட்டளைக்குப் பணியாது என்றார். (பயிற்சி இருந்தால் பலராலும் அதைச் சுருக்க முடியும் என்று பின்னால் தெரிந்தது, நடிகர்களைக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள்.) அவர் கண்டதன் உட்பொருள் மட்டும் நிலைத்துவிட்டது. சிரிப்புக்கு மூளையில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, மூளையின் மேற்பட்டையான புறணியின் இயக்கப் பகுதியிலிருந்து முகத்துக்கு வருவது. ‘எங்கே, சிரிங்க’ என்று புகைப்படக்காரர் சொன்னால் வேலை செய்வது இதுதான். இன்னொன்று அமிக்டலா, ஹைப்போதலாமஸ் போன்ற ஆழ்ந்த பகுதிகளிலிருந்து மூளைத்தண்டுக்கு இறங்குவது. பக்கவாதம் முதல் பாதையைத் தாக்கினால், சொன்னபடி சிரிக்க முடியாமல் வாய் ஒரு பக்கம் கோணும். ஆனால் பேரன் ஏதாவது குறும்பு செய்தால் அதே வாய் இரு பக்கமும் ஒழுங்காக மலரும். இதற்கு நேர் எதிரான பாதிப்பு உள்ளவர்களும் உண்டு. இடுக்கண் வந்தால் சிரிக்கச் சொன்ன வள்ளுவர் முதல் பாதையை நோக்கிப் பேசுகிறார். மில்கிராமின் ஆட்களுக்கு வந்தது இரண்டாவது பாதையில்.

அந்த இரண்டாவது பாதைக்கு மேலே ஒரு கடிவாளம் இருக்கிறது. மூளையின் முன்பகுதி அதைப் பிடித்திருக்கிறது. அது அறுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நரம்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார்கள். பிரிட்டிஷ் மருத்துவர் கின்னியர் வில்சன் 1924இல் இதை விரிவாக எழுதினார். பக்கவாதம், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ்., மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்களில் சிலருக்கு மகிழ்ச்சியே இல்லாமல் சிரிப்பும், துயரமே இல்லாமல் அழுகையும் வந்து நிற்காமல் போகும். 2019இல் வந்த ‘ஜோக்கர்’ திரைப்படத்தின் நாயகன், தன் சிரிப்பு ஒரு நோய் என்று அச்சடித்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தது இதனால்தான். இந்த நிலைக்கென்றே ஒரு மருந்துக் கலவைக்கு அமெரிக்க அரசு 2010இல் அனுமதி கொடுத்தது. அதில் ஒரு பகுதி டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். இருமல் மருந்துகளில் இருக்கும் அதே பொருள். கூடவே குயினிடின்.

நோயில்லாதவரின் பதற்றச் சிரிப்பு இதுவல்ல. அவருக்குக் கடிவாளம் இருக்கிறது, அந்த நேரத்தில் அதைப் பிடிக்கும் கைக்கு வேறு வேலைகள் குவிந்துவிடுகின்றன. சிரிக்கக் கூடாது என்று இறுக்கிப் பிடிக்கும் முயற்சியே சிரிப்பை நினைவூட்டிக்கொண்டும் இருக்கிறது. ஒன்றை நினைக்கக் கூடாது என்று தடுத்தால் அது திரும்பத் திரும்ப வரும் என்பதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிக் காட்டினார். சாவு வீட்டில் தம்பி முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றவர்களுக்கு இந்தச் சோதனை தேவைப்பட்டிருக்காது.

கலிஃபோர்னியாவில் நடந்து 1998இல் வெளியான ஒன்று இதைவிட விசித்திரமானது. வலிப்பு நோய்க்கு அறுவை செய்வதற்கு முன், 16 வயதுப் பெண் ஒருவரின் மூளையில் மருத்துவர் இட்ஸாக் ஃப்ரைடின் குழு மின்முனைகளை வைத்து, எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்று வரைபடம் போட்டுக்கொண்டிருந்தது. இடப்பக்க முன்மூளையில் ஒரு சின்னஞ்சிறு இடத்தைத் தொட்டால் அந்தப் பெண் புன்னகைத்தார். மின்னோட்டத்தைக் கூட்டினால் சிரித்தார். ஏன் சிரித்தாய் என்று கேட்டபோதெல்லாம் காரணம் சொன்னார். கையில் குதிரைப் படம் இருந்தால் குதிரை வேடிக்கையாக இருந்தது. எதுவும் இல்லாதபோது, சுற்றி நின்ற மருத்துவர்களே வேடிக்கையாக இருந்தார்கள். சிரிப்பு முதலில் வந்தது, காரணம் பின்னால் உண்டாக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்த காரணம் நல்லதாக அமைந்துவிட்டது. இறுதிச் சடங்கில் சிரித்தவருக்கு அப்படி ஒன்றும் அகப்படாது. அவருக்குப் பதிலாகக் காரணம் கண்டுபிடிக்கும் வேலையைச் சுற்றியுள்ளவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்: நெஞ்சில் ஈரமில்லாதவன்.

ஆனால் எதற்காக இப்படி ஓர் ஏற்பாடு? பயந்தால் ஓடலாம், உறையலாம், கத்தலாம். சிரிப்பால் என்ன பயன்? பழைய விடை ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சருடையது. 1860இல் அவர் எழுதிய கட்டுரையில், நரம்பில் மிஞ்சிப்போன ஆற்றல் எந்த வழியாகவாவது வெளியேற வேண்டும், பேசும் தசைகளும் மூச்சுத் தசைகளும் எளிதாக அசைபவை, அந்த வழியே அது சிரிப்பாகப் போகிறது என்றார். சுருங்கச் சொன்னால் குக்கர் விசில். நரம்பு அப்படி நீராவியைச் சேர்த்துவைப்பதில்லை என்று இன்று தெரியும். இருந்தும் ‘டென்ஷனை ரிலீஸ் பண்றோம்’ என்று நாம் சொல்வது ஸ்பென்சரின் கொள்கையைத்தான்.

இன்னொரு விடை தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனிடமிருந்து வந்தது. வலியை உணர்ந்தும் வருந்தாதவர்களைப் பற்றிய பழைய மருத்துவக் குறிப்புகளிலிருந்து அவர் தொடங்குகிறார். வியன்னாவில் ஷில்டர், ஸ்டெங்கல் என்ற இருவர் 1928இல் விவரித்த நிலை அது. ஊசியால் குத்தினால் இவர்கள் வலிக்கிறது என்று சொல்வார்கள், ஆனால் கையை இழுத்துக்கொள்ள மாட்டார்கள். சிலர் சிரிக்கவும் செய்வார்கள். மூளையின் இன்சுலா என்ற பகுதி வலியைப் பெற்றுக்கொள்கிறது. அங்கிருந்து ஆபத்துணர்வுக்குப் போகும் இணைப்பு அறுந்திருக்கிறது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். ஒரு பகுதி ‘ஆபத்து’ என்கிறது, அடுத்த பகுதி ‘ஒன்றுமில்லை’ என்கிறது. சிரிப்பு பிறந்ததே இந்த இடத்தில்தான் என்று 1998இல் அவர் முன்வைத்தார். புதரில் சலசலப்பு, எல்லோரும் பதறி நிற்கிறார்கள், முன்னால் போனவர் பார்த்தால் முயல். உடனே அவர் எழுப்பும் ஒலி, பின்னால் நிற்கும் சொந்தங்களுக்கு ‘பயப்பட வேண்டாம்’ என்று சொல்கிறது. பொய் எச்சரிக்கைக் கொள்கை என்று அதற்குப் பெயர்.

அழகான கொள்கை. பல்லிக்குப் பயந்து கத்திவிட்டுச் சிரிப்பவருக்கு அச்சாகப் பொருந்துகிறது. மில்கிராமின் அறைக்கு வந்தால்தான் சிக்கல். அங்கே விசையை அழுத்தியவரைப் பொறுத்தவரை ஆபத்து பொய்யில்லை, அடுத்த அறையில் ஒருவர் துடிக்கிறார். அப்படியானால் அந்தச் சிரிப்பு ‘ஒன்றுமில்லை’ என்று யாருக்குச் சொல்கிறது? தனக்கே சொல்லிக்கொள்கிறது என்று பதில் தரலாம். அந்தப் பதில் எதற்கும் பொருந்தக்கூடியது என்பதே அதன் பலவீனம்.

யேல் பல்கலைக்கழகத்திலேயே, மில்கிராமுக்கு அரை நூற்றாண்டு கழித்து, உளவியலாளர் ஓரியானா ஆரகோன் வேறு பக்கமிருந்து வந்தார். அவர் எடுத்துக்கொண்டது குழந்தைகளை. கொழுகொழுவென்ற குழந்தையைப் பார்த்தால் ‘அப்படியே கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கு’ என்று சொல்லிக் கன்னத்தைக் கிள்ளுகிறோமே, அந்த முரண் எப்படி வருகிறது? ஓர் உணர்ச்சி எல்லை மீறும்போது அதற்கு எதிரான உணர்ச்சியின் வெளிப்பாடு கிளம்பி, ஆளைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது என்று 2015இல் அவர் குழுவினர் எழுதினார்கள். குழந்தைப் படங்களைப் பார்த்து அப்படிக் கிள்ளத் துடித்தவர்களின் உணர்ச்சி வேகமாகத் தணிந்ததற்கும் சான்று காட்டினார்கள். திருமணத்தில் தாய் அழுவதும் பதற்றத்தில் ஒருவர் சிரிப்பதும் இதே இயல்பின் வேறு கிளைகளாக இருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். கன்னக் கிள்ளலில் கண்டதை அப்படியே மின்அதிர்ச்சி அறைக்கு நீட்டிவிட முடியாது. ஆனாலும் ஸ்பென்சரின் விசிலைவிட இது ஒரு படி மேல். ஆற்றல் வெளியேறுகிறது என்று சொல்லாமல், ஒரு தடைக்கட்டை விழுகிறது என்று சொல்கிறது.

துக்கத்தில் வரும் சிரிப்பை நேரடியாகவே அளந்தவர்களும் உண்டு. உளவியலாளர்கள் டேக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் போனானோவும் துணையை இழந்து ஏறக்குறைய ஆறு மாதம் ஆனவர்களை உட்காரவைத்து, இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லிப் படம் பிடித்தார்கள். பேச்சின் நடுவே கண் சுருங்க உண்மையாகச் சிரித்தவர்களின் மனநிலை மற்றவர்களைவிடத் தேறியிருந்தது. அந்தப் படங்களை ஒலியில்லாமல் பார்த்த முன்பின் தெரியாதவர்களுக்கும் சிரித்தவர்கள்மீதே கூடுதல் ஒட்டுதல் வந்தது. 1997இல் வெளியான இந்த ஆய்வைப் பலர் ‘துக்கத்தில் சிரிப்பது நல்லது’ என்று சுருக்கிவிடுகிறார்கள். சிரித்ததால் தேறினார்களா, தேறியவர்கள் என்பதால் சிரித்தார்களா என்பதை அது தீர்க்கவில்லை.

சிரிப்பு பதற்றத்தைத் தணிக்கும் என்று நம்புகிறவர்கள் தான்சானியாவில் நடந்ததையும் படிக்க வேண்டும். அப்போது அந்த நாட்டின் பெயர் டாங்கனிகா. 1961 டிசம்பரில்தான் விடுதலை பெற்றிருந்தது. விக்டோரியா ஏரியின் மேற்குக் கரையில் புக்கோபா நகருக்கு அருகே, கஷாஷா என்ற ஊரில் கிறிஸ்தவ அமைப்பு நடத்திய பெண்கள் உறைவிடப் பள்ளி இருந்தது. 1962 ஜனவரி 30 அன்று மூன்று மாணவிகள் சிரிக்கத் தொடங்கினார்கள். நிறுத்த முடியவில்லை. மார்ச் 18 அன்று பள்ளியை மூடியபோது, 159 மாணவிகளில் 95 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஆசிரியர் ஒருவருக்குக்கூட வரவில்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களோடு இது ஊர்களுக்கும் போனது. ன்ஷாம்பா என்ற ஊரில் மட்டும் 217 பேர். மே மாதம் பள்ளி திறந்ததும் மீண்டும் கிளம்பி, ஜூனில் மறுபடி மூடினார்கள்.

நகைச்சுவைத் துணுக்கு ஒன்றில் தொடங்கி ஊரே சிரித்தது என்று இதை இன்றும் வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். ரேங்கின், ஃபிலிப் என்ற இரு மருத்துவர்கள் 1963இல் எழுதிய அறிக்கையில் வேடிக்கை எதுவும் இல்லை. சில மணி நேரம் முதல் பதினாறு நாள்வரை விட்டுவிட்டு வந்த தாக்குதல்கள் அவை. சிரிப்போடு அழுகையும், ஓட்டமும், தடுக்க வந்தவர்களை அடிப்பதும் சேர்ந்திருந்தன. யாரோ துரத்துகிறார்கள் என்று சில பெண்கள் அஞ்சினார்கள். நஞ்சு, கிருமி எதுவும் அகப்படவில்லை. பின்னாளில் இதை மறுஆய்வு செய்த கிறிஸ்டியன் ஹெம்பல்மன், கூட்டாக வரும் மனவழி நோய் என்று இதை வகைப்படுத்தினார். கடுமையான பள்ளி, வீட்டிலிருந்து பிரிவு, மாறிக்கொண்டிருந்த நாடு, எதிர்த்துப் பேச வழியில்லாத பெண் பிள்ளைகள். அங்கே சிரிப்பு எதையும் தணிக்கவில்லை, மாதக்கணக்கில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

எதிர்த்துப் பேச வழியில்லாதவர் என்ற அந்தக் குறிப்பு இந்த அத்தியாயம் முழுவதும் எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதிகாரியின் முன் நின்ற மில்கிராமின் ஆட்கள், பெரியதன் முன் நின்ற சின்னக் குரங்கு, திட்டு வாங்கும் மாணவன். 1890 முதல் ஜப்பானில் வாழ்ந்த எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன், ஜப்பானியர்களின் சிரிப்பைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். யோக்கோகாமாவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம், கணவன் இறந்துவிட்டான், சடங்குக்குப் போக வேண்டும் என்று பணிப்பெண் சிரித்துக்கொண்டே விடுப்புக் கேட்டாள். மாலையில் சாம்பல் கலசத்தோடு திரும்பி வந்து, இவர்தான் என் கணவர் என்று சொல்லியும் சிரித்தாள். எசமானிக்கு அருவருப்பாக இருந்தது. தன் துயரத்தால் உங்கள் மனம் வாட வேண்டாம் என்ற மரியாதை அது என்று ஹெர்ன் விளக்கினார். ஜப்பானியரின் இயல்பே அப்படி என்ற அவருடைய தொனியை இன்று அப்படியே ஏற்க முடியாது. உளவியலாளர்கள் எக்மனும் ஃப்ரீசனும் ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களுக்குக் கொடூரமான படங்களைக் காட்டிப் பார்த்தபோது, தனியாக இருக்கையில் இரு தரப்பின் முகமும் ஒரேபோலத்தான் சுளித்தது. ஆய்வாளர் உடன் இருந்தபோதுதான் ஜப்பானிய மாணவர்கள் புன்னகையால் மூடினார்கள். அந்தப் பணிப்பெண்ணும் தனியாக இருந்தபோது சிரித்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

பதற்றச் சிரிப்பு எதிரே இருப்பவரிடம் என்ன கேட்கிறது என்பதற்கு மிக நுட்பமான விடை ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை, தொலைபேசிப் பேச்சுகளின் ஒலிப்பதிவிலிருந்து வந்தது. சமூகவியலாளர் கெய்ல் ஜெஃபர்சன் பேச்சுகளை மூச்சு மூச்சாக எழுதிவைத்தவர். எந்த எழுத்தின் நடுவில் சிரிப்பு நுழைந்தது என்பதுகூட அவருடைய பதிவில் இருக்கும். தம் தொல்லைகளைச் சொல்பவர்கள் சொல்லும்போதே சிரிக்கிறார்கள், கேட்பவர்கள் கூடச் சிரிப்பதில்லை என்று 1984இல் அவர் காட்டினார். சாதாரணப் பேச்சில் ஒருவர் சிரித்தால் அடுத்தவருக்கு அது அழைப்பு. இங்கே அப்படியில்லை. சொல்பவரின் சிரிப்பு ‘நான் தாங்கிக்கொள்வேன்’ என்கிறது. கேட்பவர் சிரிக்காமல் இருப்பது ‘இது பாரமானது என்று எனக்குப் புரிகிறது’ என்கிறது. யாரும் இதைக் கற்றுக்கொடுப்பதில்லை. “ஸ்கேன்ல என்னமோ கட்டின்னு சொல்றாங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அக்காவிடம், தங்கை சிரிக்காமல் “எப்போ போட்டுப் பார்த்தீங்க?” என்று கேட்பது இந்த விதிப்படிதான்.

ஃபின்லாந்தில் மார்க்கு ஹாக்கானா மருத்துவர்-நோயாளி உரையாடல்களைப் படம் பிடித்து 2001இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே போகிறது. மருத்துவர்களைவிட நோயாளிகளே அதிகம் சிரித்தார்கள். எந்த இடங்களில்? எடை, மது, மருத்துவர் சொன்னதைச் செய்யாமல் விட்டது, இத்தனை சின்ன விஷயத்துக்கு வந்துவிட்டோமோ என்ற கூச்சம், மருத்துவர் சொல்வதோடு உடன்படாதது. பெரும்பாலான இடங்களில் மருத்துவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால், நோயாளி நாணிச் சொன்னதை அவரும் நகைப்புக்குரியது என்று ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். அதே நேரம், சிரிப்பு வந்த இடத்தில்தான் நோயாளி சொல்லத் தயங்கும் செய்தி இருக்கிறது. அதைக் கவனித்த மருத்துவர் அடுத்த கேள்வியை அங்கிருந்து கேட்கிறார். கவனிக்காதவர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கிவிடுகிறார்.